நொடிக்கு நூறு சுற்று

சாவு வீட்டில் முதலில் நடக்கும் காரியம் கட்டுவதுதான். தாடை தொங்கிவிடாமல் துணியைக் கிழித்துத் தலையோடு ஒரு கட்டு. கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து இன்னொரு கட்டு. "விறைக்கிறதுக்குள்ள கட்டிடுங்கப்பா" என்று யாராவது ஒரு பெரியவர் அவசரப்படுத்துவார். அவர் சொல்வது சரி. உயிர் பிரிந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் தாடையிலும் கழுத்திலும் விறைப்பு தொடங்கிவிடும். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் உடம்பு முழுக்கக் கட்டையாகிவிடும்.

யோசித்துப் பார்த்தால் இது இடிக்கும். சக்தி போய்விட்டால் தசை தளரத்தானே வேண்டும்? ஏன் இறுகுகிறது?

தசைக்குள் மயோசின் என்ற புரதம், ஆக்டின் என்ற இழையைக் கொக்கி போட்டு இழுக்கிறது. தசை சுருங்குவது அப்படித்தான். இழுத்த கொக்கி கழல வேண்டுமானால் ஒரு மூலக்கூறு வந்து மயோசினில் ஒட்ட வேண்டும். அது வராவிட்டால் மாட்டிய கொக்கி மாட்டியபடியே நின்றுவிடும். அந்த மூலக்கூறுதான் ஏடிபி. முழுப் பெயர் அடினோசின் டிரைபாஸ்பேட். இழுக்க மட்டுமல்ல, விடவும் ஏடிபி வேண்டும். பிணத்தின் விறைப்பு, உடம்பில் ஏடிபி தீர்ந்துபோனதன் அடையாளம்.

அடினோசினின் முதுகில் மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாகத் தொற்றிக்கொண்டிருக்கும். கடைசிப் பாஸ்பேட் கழலும்போது கிடைக்கும் ஆற்றலில்தான் நரம்பு செய்தி அனுப்புகிறது, சிறுநீரகம் உப்பை மீட்கிறது, செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரு முனைக்கும் நகர்கின்றன. மிஞ்சுவது இரண்டு பாஸ்பேட் கொண்ட அடினோசின் டைபாஸ்பேட்; சுருக்கினால் தமிழில் இதுவும் ஏடிபிதான். இரண்டையும் ஒரே எழுத்தில் எழுதினால் குழப்பம் என்பதால் மிச்சத்தைக் 'காலி ஏடிபி' என்றே இந்தக் கட்டுரையில் சொல்கிறேன்.

இந்த மூலக்கூறின் கதையில் சென்னையில் படித்த ஒருவர் இருக்கிறார். எல்லப்பிரகத சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். பிறகு பாஸ்டன் போனார். செலவுக்கு மருத்துவமனையில் இரவு வேலை பார்த்துக்கொண்டே படித்தார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து 1925-ல் ஒரு முறையை வெளியிட்டார். ரத்தத்திலோ தசையிலோ பாஸ்பரஸ் எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் முறை. மாதிரியில் மாலிப்டேட் சேர்த்து, பிறகு இன்னொரு வேதிப்பொருளை விட்டால் கரைசல் நீலமாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ்.

பார்க்க எளிய வேலை. ஆனால் தசைச் சாற்றை இப்படிச் சோதித்தபோது நீலம் ஒரே மூச்சில் வராமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போனது. வேறு யாராக இருந்தாலும் கை பிசகிவிட்டது என்று குழாயைக் கழுவி வைத்திருப்பார்கள். இவர்கள் விடவில்லை. ஏதோ ஒரு பொருள் மெல்லச் சிதைந்து பாஸ்பேட்டை விடுகிறது என்று துரத்திப் போனார்கள். 1927-ல் பாஸ்போகிரியேட்டின் கிடைத்தது, 1929-ல் ஏடிபி. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் ஏடிபியைத் தனியாகக் கண்டுபிடித்தார். சுப்பாராவ் 1948-ல், 53 வயதில் இறந்தார். அவர் நடந்த கல்லூரி வளாகங்களில் இன்று ஏடிபியைப் படிக்கும் மாணவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இனி கணக்கு. நம் உடம்பில் எந்த நேரத்திலும் இருக்கும் ஏடிபி கால் கிலோவைத் தாண்டாது. ஒரு நாளில் செலவாவதோ கிட்டத்தட்ட நம் எடை அளவு. சேர்த்து வைக்கும் பண்டமே அல்ல இது. ஒவ்வொரு மூலக்கூறும் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை காலியாகி, மறுபடி பாஸ்பேட் ஏற்றிக்கொண்டு வருகிறது. ஏற்றிவிடுவது யார்?

செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உட்கார்ந்திருக்கும் ஒரு மோட்டார். உவமைக்காகச் சொல்லவில்லை; அச்சும் சக்கரமும் உள்ள, நிஜமாகவே சுற்றுகிற மோட்டார். பெயர் ஏடிபி சிந்தேஸ். தலைப்பகுதியின் அகலம் சுமார் 10 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே ஏழெட்டாயிரத்தை வரிசையாக நிறுத்தலாம்.

நாம் சாப்பிட்ட சோறும் இழுத்த மூச்சும் சேர்ந்து செய்வது ஒரே வேலைதான்: மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்கு வெளிப்பக்கம் புரோட்டான்களை இறைத்துத் தேக்குவது. அணையில் நீர் தேங்குவதுபோல அழுத்தம் ஏறும். 1961-ல் இங்கிலாந்தின் பீட்டர் மிட்செல் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சவ்வின் இரு பக்கமும் மின்னழுத்த வேறுபாடு 0.15 வோல்ட்டைச் சுற்றித்தான். ஆனால் சவ்வு அத்தனை மெல்லியது என்பதால், மீட்டர் கணக்கில் பார்த்தால் சுமார் 3 கோடி வோல்ட்.

தேங்கிய புரோட்டான்கள் திரும்பி வர வழி அந்த மோட்டார். ஒவ்வொன்றாக நுழைந்து சக்கரத்தின் ஒரு பல்லைத் தள்ளிவிட்டு வெளியேறும். பாலூட்டிகளின் சக்கரத்தில் 8 பற்கள். எட்டுப் புரோட்டான் வந்தால் ஒரு சுற்று. சக்கரத்தோடு கோணல் அச்சு ஒன்றும் சுற்றும். மேலே அசையாமல் நிற்கும் தலையில் மூன்று அறைகள். கோணல் அச்சு திரும்பத் திரும்ப ஒவ்வொரு அறையும் முறை வைத்துத் திறக்கும், நெருக்கும், விடும். திறந்த அறைக்குள் காலி ஏடிபியும் பாஸ்பேட்டும் வரும். நெருக்கத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அடுத்த திருப்பத்தில் வெளியே போகும். ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி. நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல் போகும். ஒட்டவைப்பதைவிட, ஒட்டியதை வெளியே விடுவதற்குத்தான் ஆற்றல் அதிகம் தேவை என்று கண்டவர் பால் போயர். மாட்டு இதயத்திலிருந்து மோட்டாரின் தலையைப் பிரித்து, 1994-ல் அதன் வடிவத்தைக் காட்டியவர் ஜான் வாக்கர். 1997-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் தலையைக் கண்ணாடியில் ஒட்டி, அச்சில் ஒளிரும் ஆக்டின் இழையைக் கட்டி, ஏடிபியை ஊற்றினார்கள். மோட்டார் எதிர்த்திசையில் ஓடியது. கடிகார முள் திரும்பிச் சுற்றுவதுபோல அந்த இழை சுற்றியதை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அதே ஆண்டு போயருக்கும் வாக்கருக்கும் நோபல்.

அணையில் ஓட்டை விழுந்தால்? 1930-களில் அமெரிக்காவில் உடல் இளைக்க டைநைட்ரோஃபீனால் விற்றார்கள். புரோட்டான்களை மோட்டார் வழியே வரவிடாமல் சவ்வைத் தாண்டிக் கடத்திவிடும் மருந்து அது. ஏடிபி உருவாகாமல் ஆற்றல் முழுக்கச் சூடாக வெளியேறும். எடை குறைந்தது; சிலர் காய்ச்சல் ஏறி, தணிக்க வழியில்லாமல் இறந்தார்கள். 1938-ல் நிறுத்தினார்கள்.

இந்த மோட்டாரின் வரைபடம் ஒரே இடத்தில் இல்லை. பெரும்பாலான பாகங்களுக்கான மரபணுக்கள் செல்லின் உட்கருவில். இரண்டு பாகங்களுக்கு மட்டும் மைட்டோகாண்ட்ரியாவுக்கே சொந்தமான குட்டி டிஎன்ஏவில். அதில் மொத்தமே 37 மரபணுக்கள். அது தாயிடமிருந்துதான் வருகிறது. விந்தணுவின் வாலை ஓட்டிய தந்தையின் மைட்டோகாண்ட்ரியாக்கள் கருமுட்டைக்குள் வந்ததும் அழிக்கப்படுகின்றன.

செல் பிரியும்போது உட்கரு 46 குரோமோசோம்களையும் எண்ணி, பிசகாமல் பங்கிடும். மைட்டோகாண்ட்ரியாவுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. பந்தியில் சாம்பார் ஊற்றும்போது ஓர் இலையில் நாலு காய், அடுத்த இலையில் ஒன்று என்று விழுவதுபோலத்தான். தாயின் மைட்டோகாண்ட்ரியாக்களில் கொஞ்சத்தில், மோட்டாரின் அந்த இரண்டு பாகங்களில் ஒன்றின் மரபணு பழுதாகியிருந்தால் தாய்க்கு ஒன்றும் தெரியாது. பங்கீட்டில் ஒரு முட்டைக்குப் பழுதானவையே அதிகம் போய்விட்டால், பிறக்கும் குழந்தையின் மூளையும் கண்ணும் தசையும் ஆற்றலின்றித் தவிக்கும். எந்தத் தவறும் செய்யாத அந்தத் தாய்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

2015-ல் பிரிட்டன் இதற்கொரு வழியை அனுமதித்தது. பெற்றோரின் உட்கருவை எடுத்து, நல்ல மைட்டோகாண்ட்ரியா உள்ள வேறொரு பெண்ணின் முட்டையில் வைப்பது. அப்படி எட்டுக் குழந்தைகள் பிறந்திருப்பதை 2025-ல் நியூகாசில் மருத்துவர்கள் அறிவித்தார்கள். அவர்களின் முகமும் நிறமும் பெற்றோருடையவை. அவர்கள் உடம்பில் இந்த நொடி சுற்றிக்கொண்டிருக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு மோட்டாரிலும் இரண்டு பாகங்கள், மூன்றாவதாக ஒரு பெண் கொடுத்தவை.