தள்ளுபடியும் தருமமும்

விளையாட்டும் தருமமும் ஒரே கடையில் விலைக்கு வரும் காலம் இது. திருவாண்டார்கோயில், வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளில் வாழும் நம் இளைஞருட் சிலர், "சாமி, இந்த விளையாட்டுத் தொகுப்பு பாதி விலைக்கும் குறைவு, ஏழைகளுக்கும் ஒரு பங்கு போகிறது" என்கின்றனர். பெற்றோரோ, "இது தருமமா, வியாபாரமா?" என்று வினவுகின்றனர். இரு சாராருக்கும் விடை கூறுவது நம் கடமை.

2010 மே மாதத்தில், அமெரிக்காவின் வோல்ஃபயர் என்னும் சிறிய நிறுவனத்தார் 'ஹம்பிள் பண்டில்' என்ற விற்பனையைத் தொடங்கினர். கணினி விளையாட்டுகள் சிலவற்றை ஒன்றாகத் தொகுத்து, வாங்குவோர் தாம் விரும்பும் விலையைத் தரலாம் என்றனர். அத்தொகையில் ஆக்கியோருக்கு எவ்வளவு, அறநிறுவனத்திற்கு எவ்வளவு என்பதையும் அவர்களே பங்கிட்டுக் கொள்ளலாம். முதல் விற்பனையிலேயே 10 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. பயன் பெற்ற அறநிறுவனங்களுள் ஒன்று, மருத்துவமனையில் நோயுற்றுக் கிடக்கும் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் வழங்கும் 'சைல்ட்ஸ் ப்ளே'. 2022இல் உக்ரைன் மக்களின் துயர் துடைக்க விற்ற ஒரு தொகுப்பு மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் திரட்டித் தந்தது. இவை நற்செயல்கள் என்பதில் ஐயமில்லை.

இத்தகைய தள்ளுபடி எவ்வாறு இயலுகிறது? கணினி விளையாட்டை ஆக்குவதற்குத்தான் செலவு மிகுதி; ஆக்கிய பின் மேலும் ஒரு படி விற்க ஏறத்தாழச் செலவே இல்லை. ஆதலால் விலையைக் குறைத்துப் பலருக்கு விற்றாலும் ஆக்கியோருக்கு இழப்பில்லை. நம் பங்குத் திருவிழாக்களில் காணிக்கைப் பொருள்கள் ஏலம் விடப்படுவதை அறிவீர்கள். அங்கே ஒரு தேங்காயை அதன் விலையினும் பன்மடங்கு கொடுத்து எடுக்கிறோம். அக்கூடுதல் தொகையே நம் காணிக்கை. இங்கோ, குறைத்துக் கொடுத்துப் பொருளைப் பெறுகிறோம். முன்னதில் கை இழக்கிறது. பின்னதில் கை ஆதாயம் காண்கிறது. இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

மற்றொன்றும் உண்டு. 2017இல் 'ஹம்பிள் பண்டில்' வேறொரு பெரிய நிறுவனத்தின் உடைமையாயிற்று. 2021இல், தனக்கென ஒரு குறைந்தபட்சப் பங்கை ஒதுக்கிக் கொள்ளும் விதியையும் வகுத்தது. எனவே, 'தருமத்திற்கு' என்ற சொல்லைக் கண்டவுடன் மகிழ்ந்துவிடாமல், எத்தனை விழுக்காடு, யாருக்கு என்று வினவுதல் வேண்டும். வாங்குவோர் பங்கை மாற்ற இடமிருந்தால், ஏழையின் பங்கை உயர்த்துதல் நன்று.

வி.ஆர். எனப்படும் மெய்நிகர் விளையாட்டுகளும் இவ்வாறே தொகுப்புகளாக விற்கப்படுகின்றன. கண்களை முழுவதும் மூடும் கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டால், விளையாடுபவர் வேறோர் உலகில் நிற்பதாகவே உணர்வார். தொகுப்பு மலிவுதான், அதனை ஆடத் தேவையான கருவியோ பல்லாயிரம் ரூபாய். யானையை இனாமாகப் பெற்றவன் அங்குசத்திற்கு வீட்டை விற்ற கதையாகிவிடக் கூடாது. மேலும், மெட்டா நிறுவனமே தன் கருவியைப் பத்து வயதுக்குக் குறைந்த சிறாருக்கு அனுமதிப்பதில்லை. 10 முதல் 12 வயதினர்க்குப் பெற்றோரின் மேற்பார்வையில் அமைந்த கணக்கு வேண்டும்.

விளையாட்டு பாவமன்று. 2025 செப்டம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக உயர்த்திய கார்லோ அக்கூத்திஸ், கணினி விளையாட்டில் விருப்புடைய சிறுவரே. ஆயினும் வாரத்திற்கு ஒரு மணி நேரமே அதற்கென வரையறுத்துக் கொண்டார். தம் சேமிப்பிலிருந்து தெருவோர ஏழைகளுக்கு உதவினார். விளையாட்டுக்கு அளவு இருந்தது, ஈகைக்கு இல்லை.

ஆகவே, பெற்றோரே, பிள்ளைகளைக் கடிந்து தடுப்பதினும் உடனமர்ந்து கணக்கிடுங்கள். தேவையானதெனில் வாங்கட்டும். ஆனால், தள்ளுபடியால் மிஞ்சிய பணத்தில் ஒரு பகுதியைத் தவக்கால உண்டியலிலோ, வின்சென்ட் தே பவுல் சபையார் வழியாக நம் தெருவில் வாழும் விதவைக்கோ கொடுக்கச் சொல்லுங்கள். நற்செய்தியில் ஆண்டவர் புகழ்ந்த ஏழைக் கைம்பெண் இரு காசுகளுக்கு ஈடாக எதையும் பெற்றுச் செல்லவில்லை. அதனாலன்றோ அக்காசுகள் இன்றும் எண்ணப்படுகின்றன!