சாப்பிடாத நாளிலும் ஊசி உண்டு

ஊசியும் நானும் – 9

இந்த வாரம் எழுதப்போவதை அம்மாவிடம்கூட நான் வெகுநாள் பேசியதில்லை.

எனக்கு 11 வயதில் டைப் 1 சர்க்கரைநோய் வந்தது. 14 வயதில் பெரியவளானேன். அன்று பெரியம்மா உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டுக் கையில் கொடுத்தார். "இடுப்புக்குப் பலம்டி, மறுக்காம சாப்பிடு." சாப்பிட்டேன். ராத்திரி சுகர் 380. வீட்டில் எல்லோரும் களியின் மேல் பழி போட்டார்கள். அன்றைக்கு அது சரிதான். ஆனால் பின்னாளில், களியே தொடாத மாதங்களிலும் சில நாட்கள் சுகர் தாறுமாறாக ஏறியது. என்ன தின்றாய் என்று கேட்டுக் கேட்டே என்னைக் களைக்க வைத்தார்கள்.

விடை கிடைத்தது தினசரி காலண்டரில். கிழித்த தாளின் பின்பக்கம் காலை சுகரை எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு வைப்பது என் பழக்கம். மாதவிலக்கு வந்த நாளில் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. ஒரு விடுமுறையில் மூன்று மாதத் தாள்களையும் கூடத்தில் வரிசையாகப் பரப்பினேன். புள்ளிக்கு முந்தைய தாள்களில் 210, 234, 226. புள்ளி வைத்த மறுநாள் 92. அதற்கடுத்த விடியற்காலை 58. மூன்று மாதமும் ஏறக்குறைய இதே கதை.

கருமுட்டை வெளிவந்த பிறகு உடம்பில் புரொஜெஸ்டிரோன் கூடுகிறது. அந்த நாட்களில் பல பெண்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. நேற்றுவரை போதுமாக இருந்த யூனிட் இன்று போதாது. மாதவிலக்கு தொடங்கும்போது அந்த ஹார்மோன் இறங்கிவிடும். கூட்டிய யூனிட்டை அப்படியே போட்டுக்கொண்டிருந்தால் சுகர் லோ ஆகும். எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை, சிலருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆகவே அவரவர் தாளை அவரவர்தான் பார்க்க வேண்டும். எப்போது எவ்வளவு கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதை அந்தத் தாளை வைத்துக்கொண்டு டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

இனி வலி. கருப்பையின் உட்சுவர் உதிரும்போது சுரக்கும் புரோஸ்டகிளாண்டின் தசையை இறுக்கிப் பிழிகிறது. அது அதிகமானால் வலியோடு குமட்டலும் வாந்தியும் சேர்ந்து வரும். வாந்தி வந்தால் சாப்பாடு இறங்காது. எனக்கு விபரீதம் தொடங்கியது அங்கேதான்.

கல்லூரி முதல் வருஷம். விடுதி அறையில் முதல் நாள் வலியில் சுருண்டு கிடந்தேன். காலையில் இரண்டு முறை வாந்தி. மதியமும் சாப்பிடவில்லை. "சாப்பிடலையே, எதுக்கு ஊசி?" என்று நானே தீர்மானித்து இன்சுலினை விட்டுவிட்டேன். சாயங்காலம் வாந்தி நிற்கவில்லை, நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இழுத்தது. பக்கத்துக் கட்டில் அக்கா குனிந்து, "என்னடி, உன் மூச்சுல அழுகின பழ வாடை வருது?" என்றார். அவர்தான் ஆட்டோ பிடித்தார். அவசரப் பிரிவில் முதலில் பார்த்தவர், "பீரியட்ஸ் வலிதானே, ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்றார். அக்கா விடவில்லை. "இவளுக்கு டைப் 1, சுகர் பாருங்க" என்று சத்தம் போட்டார். மீட்டர் 436 காட்டியது. சிறுநீரில் நனைத்த கீட்டோன் பட்டை ஊதா நிறமானது.

இன்சுலின் இல்லாவிட்டால் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. கொழுப்பை எரிக்கத் தொடங்கும். கீட்டோன் என்ற அமிலம் சேரும். அந்த அமிலமும் வயிற்று வலியையும் வாந்தியையும் தரும். காலை வாந்தி மாதவிலக்கால் வந்தது. மாலை வாந்தி இன்சுலின் இல்லாததால் வந்தது. இரண்டையும் நான் ஒன்றென்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தேன். அந்த அக்கா மட்டும் இல்லாவிட்டால் இந்தத் தொடரே இல்லை.

அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு. வலி எவ்வளவு இருந்தாலும், ஒரு வாய் சோறு இறங்காவிட்டாலும், நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசியை நிறுத்தவே மாட்டேன். சாப்பாட்டு ஊசியின் அளவைத்தான் டாக்டர் சொன்னபடி மாற்றுவேன். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சுகர் பார்ப்பேன். 250ஐத் தாண்டினாலோ வாந்தி வந்தாலோ கீட்டோன். கீட்டோன் ஏறினாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி.

வெந்நீர்ப் பையிலும் கவனம் வேண்டும். அடிவயிற்றில் ஒத்தடம் சுகமாக இருக்கும், நானும் வைக்கிறேன். ஆனால் ஊசி போட்ட இடம் சூடானால் ரத்த ஓட்டம் கூடி, இன்சுலின் சீக்கிரமாக ரத்தத்தில் கலந்துவிடும். வயிற்றில் ஊசி போட்டு, அதன்மேல் பையை வைத்துக்கொண்டு தூங்கி, வியர்வையில் நனைந்து, சுகர் 49இல் விழித்திருக்கிறேன். இப்போது ஒத்தடம் கொடுக்கும் நாட்களில் தொடையில்தான் ஊசி. நடுக்கம், வியர்வை, கிறுகிறுப்பு வந்தால் மாதவிலக்குச் சோர்வு என்று படுத்துவிடாதீர்கள், விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

மாத்திரை விஷயத்தில் மருந்துக்கடை அண்ணன் சொல்வது போதாது. மெஃபனமிக் அமிலம், இபுபுரூஃபன் போன்றவை புரோஸ்டகிளாண்டினைக் குறைப்பதால் வலி அடங்குகிறது. ஆனால் சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கும், வாந்தியில் நீர் வற்றியவர்களுக்கும் இவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். எந்த மாத்திரை, எத்தனை என்று வலி இல்லாத நாளிலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்த சுகர் நோட்டில் காலை, மதியம், இரவு என்று கட்டங்கள் இருந்தன. மாதவிலக்குக்குக் கட்டம் இல்லை. இத்தனை வருஷத்தில் எந்த டாக்டரும் தாமாகக் கேட்டதும் இல்லை. டைப் 1 உள்ள மகள்களின் அம்மாக்களே, அந்த நோட்டில் ஒரு கோடு கிழித்துத் தேதியை எழுதச் சொல்லுங்கள். அடுத்த செக்கப்பில், கேட்காவிட்டாலும் அதை டாக்டரிடம் காட்டுங்கள்.

(தொடரும்)