முதல் இடம் யாருக்கு?

இப்படி ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். இரவு மணி 12. பக்கத்து வீட்டுப் பையனைப் பாம்பு கடித்துவிட்டது. ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று. அது வருவதற்குள் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது? கைப்பேசியை எடுத்துப் 'பாம்புக்கடி முதலுதவி' என்று தேடுகிறீர்கள். கண் இமைக்கும் நேரத்தில் எண்ணற்ற பக்கங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. அவற்றுள் எத்தனையைப் படிப்பீர்கள்? முதலில் நிற்கும் ஒன்றையோ இரண்டையோதான்.

'கடிபட்ட உறுப்பை அசைக்காதீர்கள், கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்' என்று அங்கே எழுதியிருந்தால் நல்லது. எதையோ விற்பதற்காக எழுதப்பட்ட பக்கம் அந்த இடத்தைப் பிடித்திருந்தால்?

ஆகவே வரிசையில் முதலில் நிற்பது யார் என்பது வணிகர்களின் கவலை மட்டுமன்று, நம் கவலையுமாகும். அந்த வரிசை எவ்வாறு அமைகிறது? அதில் முன்னேற நேர்வழி எது, குறுக்குவழி எது? பார்ப்போம்.

வரிசை அமையும் விதம்

தடித்த புத்தகம் ஒன்றில் ஒரு செய்தியைத் தேட வேண்டுமானால் என்ன செய்வோம்? கடைசிப் பக்கங்களில் உள்ள சொல்லடைவைப் புரட்டுவோம். தேடுபொறியும் அதையேதான் செய்கிறது. 'சிலந்தி' என்று பெயர் பெற்ற கணிப்பொறி நிரல் ஒன்று, ஓர் இணைப்பிலிருந்து அடுத்த இணைப்புக்குத் தாவித் தாவி வலைப்பக்கங்களைப் படித்துக்கொண்டே இருக்கிறது. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதற்கு ஓர் அடைவு தயாராகிறது. நாம் தேடும்போது புரட்டப்படுவது இந்த அடைவே.

ஒரே சொல் ஓர் இலட்சம் பக்கங்களில் இருந்தால் எதை முன்னே வைப்பது? தொடக்க காலத் தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் உள்ள சொற்களையே நம்பின. 1998இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர்களான லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் வேறொரு முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். அதே ஆண்டில் கூகுள் நிறுவனத்தையும் தொடங்கினர்.

அவர்களுடைய கருத்து எளிமையானது. பல ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டினால், அது முக்கியமானது என்று கொள்கிறோம் அல்லவா? அதுபோலவே ஒரு வலைப்பக்கம் மற்றொன்றுக்குத் தரும் இணைப்பும் ஒரு சாட்சியே. ஆனால் எல்லாச் சாட்சிகளுக்கும் ஒரே மதிப்பு இல்லை. ஒரு பக்கத்தின் மதிப்பு 12 என்று வைத்துக்கொள்வோம். அது 3 பக்கங்களுக்கு இணைப்பு தந்தால், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 4 பங்கு போய்ச் சேரும். மதிப்புள்ளவர் சொல்லும் சாட்சிக்கு எடை அதிகம். எல்லாரையும் புகழ்பவரின் சாட்சிக்கு எடை குறைவு. இன்று இதனுடன் வேறு பல அளவைகளும் சேர்ந்துள்ளன.

நேர்வழி

இந்த முறையைப் புரிந்துகொண்டால், உங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தின் வலைத்தளத்தைக்கூட முன்னே கொண்டுவர முயலலாம். பக்கத்தின் தலைப்பு உள்ளிருக்கும் பொருளைத் தெளிவாகக் கூற வேண்டும். மக்கள் எந்தச் சொல்லைச் சொல்லித் தேடுவார்களோ அந்தச் சொல் இயல்பாக இடம்பெற வேண்டும். சிலந்தி எழுத்தைப் படிப்பதுபோல் படத்தைப் படிப்பதில்லை. எனவே படத்துக்கு ஒரு வரி விளக்கம் தர வேண்டும். பார்வையற்றோருக்கும் அது உதவும். பக்கம் விரைவில் திறக்க வேண்டும்; கைப்பேசியிலும் படிக்க வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேறெங்கும் எளிதில் கிடைக்காத நல்ல செய்தி இருக்க வேண்டும். அப்போது பிறர் தாமாகவே இணைப்புத் தருவார்கள். பழைய அமெரிக்கத் திரைப்படங்களில் கதாநாயகன் அணிந்த தொப்பியை வைத்து, இத்தகைய வழிகளை 'வெள்ளைத் தொப்பி' முறை என்பர்.

குறுக்குவழி

'கறுப்புத் தொப்பி' முறைகளும் உள்ளன. ஒரே சொல்லை நூறு முறை எழுதுவது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் எழுதி, மனிதர் கண்ணுக்குத் தெரியாமல் சிலந்திக்கு மட்டும் ஊட்டுவது. சிலந்திக்கு ஒரு பக்கமும் மனிதருக்கு வேறொரு பக்கமும் காட்டுவது. பணம் கொடுத்து இணைப்புகளை வாங்குவது. கடைசியாகச் சொன்னது பொய்ச்சாட்சிக்குக் கூலி கொடுப்பதற்குச் சமம்.

பெரிய நிறுவனங்களும் இதில் சிக்கியதுண்டு. 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ. கார் நிறுவனத்தின் ஜெர்மன் வலைத்தளத்தைக் கூகுள் தன் அடைவிலிருந்து நீக்கியது. 'பழைய கார்' என்ற பொருளுள்ள சொல் நிறைந்த பக்கங்கள் சிலந்திக்காக வைக்கப்பட்டிருந்தன. அவற்றைத் திறந்த மனிதர்களோ வேறு பக்கத்துக்கு அனுப்பப்பட்டனர். அந்தப் பக்கங்களை அகற்றிய பின், சில நாட்களில் தளம் மீண்டும் சேர்க்கப்பட்டது.

2011இல் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடைகளின் கதை வெளிவந்தது. பெட்டி, படுக்கை, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் அந்த நிறுவனமே முன்னே நின்றது. சற்றும் தொடர்பில்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து அதற்கு இணைப்புகள் வந்திருப்பதை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளிப்படுத்தியது. தமக்கு அது தெரியாது என்றது நிறுவனம். கூகுள் நடவடிக்கை எடுத்ததும், பயணப் பெட்டி ஒன்றுக்கான தேடலில் 1ஆம் இடத்தில் இருந்த அத்தளம் 2 மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்கு இறங்கியது! அடுத்த ஆண்டே இத்தகைய போலி இணைப்புகளைக் கண்டறிய 'பெங்குவின்' என்ற புதிய முறையைக் கூகுள் கொண்டுவந்தது.

எல்லைக்கோடு எது?

இணைப்புக்குப் பணம் பெறுவதே குற்றமா? இல்லை. 'இது விளம்பரம்' என்று தேடுபொறிக்கு அறிவிக்கும் குறியீடு உண்டு. அதைச் சேர்த்துவிட்டால் அந்த இணைப்பு சாட்சியாகக் கொள்ளப்படாது. குற்றம் பணத்தில் இல்லை, மறைப்பதில் இருக்கிறது.

ஐயம் எழும்போது இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்: 'நான் செய்வதை என் பக்கத்துக்கு வரும் வாசகர் அறிந்தால் எனக்கு நன்றி சொல்வாரா, கோபப்படுவாரா?' படத்துக்கு விளக்கம் எழுதியதை அறிந்தால் நன்றி சொல்வார். மறைந்த எழுத்தை அறிந்தால்?

முதல் இடம் ஒன்றே ஒன்றுதான். தகுதியில்லாத ஒருவர் ஒரு படி ஏறினால், தகுதியுள்ள ஒருவர் ஒரு படி இறங்க வேண்டும். அப்படிக் கீழே தள்ளப்பட்ட பக்கம், அந்த நள்ளிரவில் நீங்கள் தேடிய முதலுதவிக் குறிப்பாகவும் இருக்கக்கூடும். ஆகவே, வரிசையை நேர்மையாக வைத்திருக்கும் பொறுப்பு தேடுபொறிக்கு மட்டுமன்று, வலைத்தளம் நடத்தும் ஒவ்வொருவருக்கும் உண்டு. வாசகராகிய நமக்கும் ஒரு கடமை இருக்கிறது: முதலில் நிற்பது எதுவானாலும், அதை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று பார்த்த பிறகே நம்ப வேண்டும்.