தகர்க்கப்பட்ட தூண்: எஸ்பிளனேட் பூங்கா, சிங்கப்பூர்

1945 ஜூலை 8 அன்று சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டிய இடம் இது. போரில் மாண்ட இந்திய தேசிய ராணுவத்தினருக்காக எழுந்த அந்தத் தூணில் மூன்று உருதுச் சொற்கள்: ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். செப்டம்பரில் திரும்பிவந்த பிரிட்டிஷார் அதைத் தகர்த்துவிட்டனர். நின்றது இரண்டு மாதம்கூட இல்லை.

எதிரே தெரியும் பாடாங் திடலில்தான் 1943 ஜூலை 5 அன்று போஸ் படை அணிவகுப்பைப் பார்வையிட்டு, டெல்லிக்குப் புறப்படச் சொன்னார். அக்டோபர் 21இல் கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்கள் துப்பாக்கி ஏந்தினர். பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தனர். சிலர் வாட்டர்லூ ஸ்திரீட் முகாமில் ஜான்சி ராணிப் படைக்கே வந்துவிட்டனர். தோட்டத்துரை முன் தலைகுனிந்து நின்றவர்களுக்கு அந்தச் சீருடை என்னவாக இருந்திருக்கும்!

ஆனால் அவர் கைகோத்தது ஜப்பானியரோடு. 1942இல் இந்நகரின் சீனர்களைக் கொன்று குவித்தவர்கள், தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு வாரிச் சென்றவர்கள் அவர்கள்தாம்.

1944இல் ஜப்பானியரோடு சேர்ந்து நடத்திய இம்பால் படையெடுப்பு தோற்றது. 1945 ஆகஸ்ட் 18 அன்று தைப்பேயில் போஸின் விமானம் நொறுங்கியது.

தேசிய மரபுடைமைக் கழகம் 1995இல் இங்கு நினைவுப் பலகை நிறுவியது.