உருளும் வீட்டில் குளிருக்கு எத்தனை குடம் இடம்?



மதுரையைச் சுற்றிப் படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் ‘கேரவன்’ என்னும் பெரிய வண்டி நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். படுக்கை, அடுப்பு, அலமாரி என வீட்டு வசதிகளைச் சக்கரத்தின்மேல் ஏற்றி வைத்த வண்டி அது. மேல்நாடுகளில் சாதாரணக் குடும்பத்தினரும் இதன் சிறிய வடிவத்தைக் காரின் பின்னால் பூட்டி, ஊர் ஊராக இழுத்துச் செல்கின்றனர். நம் அண்டை மாநிலமான கேரளம் 2021-ஆம் ஆண்டில் இத்தகைய வண்டிகளைக் கொண்டே ஒரு சுற்றுலாத் திட்டத்தைத் தொடங்கியது.

நமக்கும் இது முற்றிலும் புதிதன்று. என் அம்மாச்சி சிறுமியாக இருந்தபோது, மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சித்திரைத் திருவிழாவுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வருவார்களாம். வண்டிக்கு அடியில் சாக்குத் தொட்டில். அதில் மாட்டுக்கு வைக்கோல், மனிதருக்குச் சமையல் பாத்திரம். உள்ளே புளிச்சோற்று மூட்டை, ஊறுகாய் ஜாடி, மண்பானைத் தண்ணீர். நாலைந்து நாட்கள் அந்த வண்டிதான் வீடு. குளிர்பெட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர்கள் கெடாத உணவை எடுத்துச் சென்றார்கள். நாம் கெடும் உணவை எடுத்துக்கொண்டு, அதைக் கெடாமல் வைக்கும் பெட்டியையும் உடன் சுமக்கிறோம் என்று நான் சற்று ஏளனமாகவே நினைத்ததுண்டு. ஆனால் அதே அம்மாச்சிக்கு இன்று நாள்தோறும் இருவேளை இன்சுலின் ஊசி வேண்டியிருக்கிறது. மருந்து வெயிலில் கெட்டுவிடும் என்று அஞ்சியே அவர் பல ஆண்டுகளாக வெளியூர் செல்வதை விட்டுவிட்டார்.

அவரை எப்படியாவது வேளாங்கண்ணிக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று, பட்டறை வைத்திருக்கும் என் மாமா ஒரு பழைய வேனை வாங்கி, முறைப்படி அனுமதி பெற்று, சிறு வீடாக மாற்றினார். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் பத்தடி நீளம், ஐந்தரை அடி அகலம். அதற்குள் ஆறு பேர்.

வீட்டில் சண்டை தொடங்கியது குளிர்பெட்டியால்தான்.

“அம்மாவுக்கு மருந்து இருக்கு. பிரிட்ஜ் பெருசாவே இருக்கட்டும்” என்றார் மாமா.

“பெட்டிய வச்சிட்டுப் பாத்திரத்தையும் அரிசியையும் எங்க வைக்க? என் மடியிலயா?” என்றார் அத்தை.

பதினோராம் வகுப்பில் இயற்பியல் படிக்கும் என்னிடம் தீர்ப்பு சொல்லும் பொறுப்பு வந்தது. நான் முதலில் எடுத்தது புத்தகத்தை அன்று. அம்மாவின் தையல் டேப்பை.

எங்கள் வீட்டு ஒற்றைக் கதவுப் பெட்டியின்மேல் 180 லிட்டர் என்று போட்டிருக்கிறது. வெளிப்புறத்தை அளந்தால் அகலம் 54, ஆழம் 64, உயரம் 118 சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 408 லிட்டர்! மீதி 228 லிட்டர் எங்கே போயிற்று? சுவருக்குள் அடைத்திருக்கும் வெப்பம் கடத்தாப் பொருளும், பின்புறத்துக் கம்ப்ரஸரும், குழாய்களும் விழுங்கிவிட்டன. இதோடு முடியவில்லை. உள்ளேயிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே விடப் பெட்டிக்குப் பின்னால் காற்றோட்ட இடைவெளி வேண்டும். கதவு திறக்க முன்னால் வெற்றிடம் வேண்டும். பத்தடி வீட்டில் கதவு திறக்கும் இடம் என்பது ஒருவர் படுக்கும் இடத்தில் பாதி.

அடுத்து, கடையில் பார்த்த 40 லிட்டர் சிறு பெட்டி. மேல்பக்கம் மூடி திறக்கும் வகை. வண்டி பாட்டரியின் 12 வோல்ட்டில் ஓடுவது. வெளியளவு 60, 36, 46 சென்டிமீட்டர். அதாவது 99 லிட்டர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 309 லிட்டர். லிட்டர் என்றால் அத்தைக்குப் புரியாது என்பதால் குடத்தில் சொன்னேன்: ஒரு குடம் 15 லிட்டர் என்று கொண்டால், இருபது குடம் இடம். அத்தையின் முகம் மலர்ந்தது.

ஆனால் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். பெரிய பெட்டியில் ஒரு லிட்டர் குளிருக்கு இரண்டேகால் லிட்டர் இடம் செலவாகிறது. சிறிய பெட்டியிலோ இரண்டரை லிட்டர். சிறியது சிக்கனம் என்று நினைத்தால் விகிதத்தில் அதுவே செலவாளி! காரணம் எளிது. பக்கத்துக்கு 50 சென்டிமீட்டர் உள்ள கனசதுரப் பெட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவு 125 லிட்டர். சுவர் 5 சென்டிமீட்டர் தடிப்பானால் உள்ளே மிஞ்சுவது 40 சென்டிமீட்டர்க் கனசதுரம், அதாவது 64 லிட்டர். பாதிக்குச் சற்று மேல். பக்கம் 30 சென்டிமீட்டர்ப் பெட்டிக்கும் அதே சுவரைப் போட்டால், 27 லிட்டரில் உள்ளே மிஞ்சுவது 8 லிட்டர்தான். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பெட்டி சிறுத்தாலும் சுவர் சிறுப்பதில்லை. அளவு சிறுக்கச் சிறுக்க, உள்ளிருக்கும் பொருளை நோக்கப் புறப்பரப்பு மிகுதியாகி வெப்பமும் அதிகம் நுழைகிறது.

இதே விதியை நம்பித்தான் 1833-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து ஃபிரடெரிக் டியூடர் என்னும் வணிகர் கல்கத்தாவுக்குக் கப்பலில் ஐஸ் அனுப்பினார். நான்கு மாதப் பயணம். வழியில் வெப்பக் கடல். புறப்பட்டது 180 டன். வந்து சேர்ந்தது ஏறத்தாழ 100 டன். சிறு சிறு பெட்டிகளில் தனித்தனியே அனுப்பியிருந்தால் வெறும் தண்ணீர்தான் வந்திருக்கும். பெருங்குவியலாக, வெப்பம் கடத்தாப் பொருள் சூழ அடுக்கியதால் பிழைத்தது. அவ்வாறு சென்னைக்கு வந்த ஐஸைச் சேமித்து வைத்த கட்டடம்தான் இன்று மெரினாவில் விவேகானந்தர் இல்லமாக இருக்கிறது. அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது பாருங்கள்.

சரி, எங்கள் வேனுக்கு வருவோம். இடத்தோடு மின்சாரத்தையும் நிறுக்க வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றில் அடங்குவது 1200 வாட்-மணி. நம் மின்கட்டணக் கணக்கில் 1.2 யூனிட். ஈய-அமில பாட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே கையில் இருப்பது 0.6 யூனிட்தான். சிறு பெட்டி ஓடும்போது 45 வாட் இழுக்கும். மதுரை வெயிலில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தாலும் 24 மணி நேரத்தில் 540 வாட்-மணி. ஒரு நாள் தாங்கும். மறுநாள் எஞ்சின் ஓடி மீண்டும் நிரப்ப வேண்டும். பெரிய பெட்டியோ 230 வோல்ட் கேட்கும். அதற்கு இன்வெர்ட்டர், அதற்கு இன்னொரு பாட்டரி. வெயிலில் நிறுத்திய வேனுக்குள் 50 டிகிரிக்குமேல் ஏறும் என்பதையும் மறக்கக்கூடாது.

மேல்நாட்டு வண்டிகளில் எரிவாயுச் சுடரால் குளிரூட்டும் பெட்டியும் உண்டு. நெருப்பிலிருந்து குளிரா என்று வியக்காதீர்கள். 1922-இல் சுவீடன் நாட்டு மாணவர்களான ஃபான் பிளாட்டன், முன்ட்டர்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்த முறை அது. சூடேற்றினால் தண்ணீரிலிருந்து அம்மோனியா பிரிந்து, திரவமாகி, பின் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும். ஓடும் உறுப்பே கிடையாது. ஆயினும் பெட்டி சமதளத்தில் நிற்க வேண்டும். வெளிவெப்பம் மிகுந்தால் திணறும். 40 டிகிரியைத் தொடும் மதுரைக் கோடைக்கு அது ஒத்துவராது என்று அதை உடனே தள்ளிவிட்டோம்.

பின்னர்தான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டோம்: உண்மையில் குளிர் எதற்கு வேண்டும்? அத்தை எழுதிய பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் தரையில் பரப்பினோம். வெங்காயம், உருளைக்கிழங்கு, புளி, ஊறுகாய், இட்லிப் பொடி, நல்லெண்ணெய், வற்றல், கருவாடு ஆகியவற்றுக்குக் குளிர் வேண்டாம். தக்காளியும் முட்டையும் இரண்டு நாட்கள் வெளியே தாங்கும். தயிர்ச்சோற்றுக்குப் பால் ஊற்றிச் சிறிதே தயிர் சேர்த்துப் பிசைந்தால் வழியில் அதுவே உறைந்துகொள்ளும். தேங்காய்ச் சட்னியை வேண்டாம் என்று விட்டோம். மிஞ்சியவை பால், இட்லி மாவு, கொஞ்சம் கீரை, மருந்து. மாவைத்தான் குறிப்பாகச் சொல்ல வேண்டும். வெயிலில் அது பொங்கி வழிந்து வண்டியையே இட்லித் தட்டாக்கிவிடும். இவற்றை ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கி அளந்தபோது 20 லிட்டர்கூட வரவில்லை. 40 லிட்டர்ப் பெட்டியே தாராளம். பால், மாவின் அளவைக் குறைத்தாலும் மருந்துக்கு இடம் குறையக்கூடாது என்பது மட்டும் விதி.

இன்சுலினைப் பற்றிச் சிறிது கூறுகிறேன். திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் குப்பி 25 அல்லது 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் இருக்கலாம். மருந்துக்கு மருந்து இது வேறுபடும். மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம். உறைந்துபோன இன்சுலினை மட்டும் எக்காரணத்தாலும் பயன்படுத்தக்கூடாது. ஆகவே ஐஸின்மேல் நேரே வைப்பது, வெயிலில் வைப்பது போலவே தவறு.

காவலுக்கு மானாமதுரை மண்பானை ஒன்றையும் எடுத்துக்கொண்டோம். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி எவ்வளவு காட்டுமோ, அதற்குக் கீழே பானை குளிராது. மதுரைச் சமவெளியின் உலர்ந்த மதியத்தில், 38 டிகிரி வெயிலில், காற்றின் ஈரப்பதம் 25 சதவீதமானால் அந்த எல்லை 23 டிகிரி. கடற்கரையில் வெயில் 34 டிகிரிதான் என்றாலும் ஈரப்பதம் 65 சதவீதமானால் எல்லை 28 டிகிரிக்கு ஏறிவிடும். திருச்சிவரை நன்றாகக் குளிர்ந்த எங்கள் பானை, நாகப்பட்டினத்தை நெருங்கும்போது வெறும் பானையாகிவிட்டதன் காரணம் இதுதான்.

பயணத்தின் இரண்டாம் நாள் வண்டி வேளாங்கண்ணியில் பகல் முழுவதும் வெயிலில் நின்றது. எஞ்சின் ஓடவில்லை, பாட்டரி நிரம்பவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை குளிர்பெட்டியின் விளக்கு அணைந்திருந்தது. அம்மாச்சி ஒன்றும் பேசவில்லை. கையில் ஜெபமாலையோடு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூடியைத் திறக்க விடவில்லை. குளிர்ந்த காற்று கனமானது. மேல்மூடிப் பெட்டியில் அது கிண்ணத்துத் தண்ணீர்போல் தங்கும், முன்கதவுப் பெட்டியாக இருந்தால் திறந்தவுடன் காலடியில் கொட்டிவிடும். மாமா மீன் ஏற்றும் இடத்துக்குச் சென்று ஐந்து கிலோ ஐஸ் வாங்கி வந்தார். ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பத்தைக் கொண்டு ஒரு லிட்டர் தண்ணீரை 0-விலிருந்து 80 டிகிரிவரை சூடாக்கலாம். அத்தனை வலிமை அதற்கு. ஐஸைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அடியில் வைத்து, மேலே துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் டிபன் பாக்ஸில் மருந்தை வைத்தோம். மூடியைத் திறந்தபோது வெப்பமானி 11 டிகிரி காட்டியது. ஒரு மணி நேரத்தில் 6-க்கு இறங்கிற்று. அன்று காலை ஊசியைப் போட்டுக்கொண்ட பிறகே அம்மாச்சி காபி கேட்டார்.

ஊர் திரும்பியதும் இன்னொரு பாட்டரி பொருத்த வேண்டும் என்கிறார் மாமா. அளந்து பார்த்தேன், தாங்கு சட்டத்தோடு 40 லிட்டர், அதாவது இரண்டரைக் குடம் இடம் பிடிக்கும். அரிசி டின் வைக்கும் மூலையைத்தான் கேட்கிறார். அத்தை இன்னும் சம்மதிக்கவில்லை.