ஓவியமும் ஊகமும்

மாத்தளை மாவட்டத்துச் சிகிரியாக் குன்றின் மேற்குப் பாறையில், ஐந்தாம் நூற்றாண்டிலே காசியப்ப மன்னன் காலத்தில் தீட்டப்பெற்ற மங்கையர் ஓவியங்கள் இன்றும் உள்ளன. அவற்றுட் சில சிதைந்தவை. 1967ஆம் ஆண்டில் தீயோர் அவற்றின்மீது பச்சை வண்ணத்தைப் பூசினர். லூசியானோ மரான்சி என்னும் இத்தாலிய நிபுணர் வந்து, பெரும் பொறுமையுடன் அவற்றைச் சீர்செய்தார்.

பாறையிலுள்ள ஓவியத்துக்கு அத்துணைப் பாடு. அதன் நிழற்படத்தைத் திருத்தவோ இன்று கணினி ஒன்றே போதும். 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் என்னும் மென்பொருள், பின்னர் இணையத்தள வடிவமைப்பாளரின் கைக்கருவியாயிற்று. 2023இல் வந்த அதன் புதிய பதிப்பு, நாம் எழுதும் சில சொற்களைக் கொண்டே, படத்தில் இல்லாத பகுதியையும் ஆக்கித் தருகிறது. எங்ஙனம்? எண்ணற்ற படங்களைப் பயின்று, அவ்விடத்தில் எது பொருந்தக்கூடும் என ஊகிக்கிறது. மணிக்கணக்கான உழைப்பு மிஞ்சியதென்று வடிவமைப்பாளர் சிலர் மகிழ்ந்தனர். தம் பிழைப்பு என்னாகுமோ என்று சிலர் அஞ்சினர்.

அவ்வச்சத்தோடு எண்ணவேண்டியது வேறொன்றும் உண்டு. சிகிரியாவுக்குப் பயணிகளை அழைக்கும் இணையத்தளமொன்றில், ஓவியத்து மங்கையின் சிதைந்த கையை இக்கருவியால் நிரப்பினால், காண்போர் அதனைப் பழைய ஓவியன் வரைந்த கையென்றே நம்புவர். ஊகம் வரலாறாகிவிடும். ஆதலால், நிரப்பிய பகுதி இதுவென்று படத்தின் கீழ் எழுதுதல் வேண்டும். அத்தகைய குறிப்பைப் படக்கோப்பினுள்ளே பதிக்கும் வசதியும் அம்மென்பொருளில் உண்டு. அதனைப் பயன்படுத்துவது வடிவமைப்பாளரின் கடமை.