உப்பளத்து வருமானம், எக்செல் கணக்கு: வீட்டுக் கடனைச் சீக்கிரம் முடிக்க ஒரு வழி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் முதல் மாதம் பாட்டுக் கேட்பார்கள், படம் பார்ப்பார்கள். இரண்டாவது மாதம் "இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். வீட்டுக் கடன் வாங்கியிருக்கும் வாசகர்களுக்கு இந்த மாதம் ஒரு வேலை தருகிறேன். ஒரு மணி நேரம் போதும். செலவு எதுவும் இல்லை. எக்செல் இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும். அது இலவசம்.

உதாரணத்துக்கு மரக்காணத்தை எடுத்துக் கொள்வோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியை நெருங்கும்போது சாலையோரம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஊர்தான். இங்கே வருமானம் மாதச் சம்பளம் போல் வராது. தை மாதம் பாத்தி மிதித்துத் தயார் செய்வார்கள். அது செலவு மாதம். பிப்ரவரி கடைசியில் உப்பு வார ஆரம்பித்தால் செப்டம்பர் வரை கையில் காசு புழங்கும். ஐப்பசி மழை இறங்கியதும் பாத்தியெல்லாம் தண்ணீர்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை இல்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் அறிவித்ததே இந்தக் காரணத்தால்தான். ஆனால் வங்கித் தவணைக்கு மழைக்காலம், வெயில்காலம் எல்லாம் கிடையாது. மாதம் தவறாமல் வந்து நிற்கும்.

கற்பனையாக ஒரு குடும்பம். கணவருக்குக் குத்தகைக்கு எடுத்த உப்புப் பாத்திகள், மனைவிக்கு வீட்டிலேயே தையல் வேலை. 12 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், 9 சதவீத வட்டி, 20 வருடம். இவர்கள் கணக்கை ஷீட்டில் போடுவோம். உங்கள் கடனுக்கு எண்களை மட்டும் மாற்றிக் கொள்ளுங்கள்.

ஒரு குறிப்பு. செல் பெயர்களும் பார்முலா பெயர்களும் இங்கே தமிழில் அச்சாகியிருக்கின்றன. நீங்கள் டைப் செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே அடிக்க வேண்டும்.

புதிய ஷீட் ஒன்றைத் திறந்து பி1 செல்லில் 1200000, பி2 செல்லில் 9%, பி3 செல்லில் 240 என்று டைப் செய்யுங்கள். இவை முறையே கடன் தொகை, ஆண்டு வட்டி, மாதங்கள். பக்கத்தில் ஏ பத்தியில் அந்தப் பெயர்களை எழுதி வைத்தால் அடுத்த மாதம் திறக்கும்போது குழப்பம் வராது. இப்போது பி4 செல்லில்

=பிஎம்டி(பி2/12,பி3,-பி1)

என்று அடித்து என்டர் தட்டுங்கள். 'பேமென்ட்' என்ற சொல்லின் சுருக்கம்தான் இந்தப் பார்முலா. பெயர் பிடிபடவில்லையென்றால் எக்செல்லில் பார்முலாஸ் டேபைத் திறந்து, ஃபைனான்ஷியல் பட்டியலில் கிளிக் செய்து எடுக்கலாம். விடை 10,796 ரூபாய் 71 காசு என்று வரும். இதுதான் மாதத் தவணை.

அடுத்து அட்டவணை. ஆறாவது வரிசையில் ஏ முதல் எஃப் வரை மாதம், ஆரம்ப நிலுவை, வட்டி, தவணை, கூடுதல், முடிவு நிலுவை என்று தலைப்புகள் கொடுங்கள். ஏழாவது வரிசையில் இப்படி:

ஏ7: 1
பி7: =பி1
சி7: =பி7*$பி$2/12
டி7: =$பி$4
இ7: 0
எஃப்7: =பி7+சி7-டி7-இ7

டாலர் குறி எதற்கு என்று கேட்பீர்கள். பார்முலாவைக் கீழே இழுக்கும்போது மற்ற செல் பெயர்கள் தாமாகவே ஒவ்வொரு வரிசையாக நகரும். டாலர் போட்டது மட்டும் நகராமல் அதே இடத்தில் நிற்கும். வட்டி விகிதமும் தவணையும் ஒரே இடத்தில்தானே இருக்கின்றன!

எட்டாவது வரிசையில் ஏ8: =ஏ7+1, பி8: =எஃப்7, இ8: =இ7 என்று கொடுத்து, சி, டி, எஃப் செல்களை மேல் வரிசையிலிருந்து காப்பி செய்யுங்கள். பிறகு எட்டாவது வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுசால் பிடித்து 246-வது வரிசை வரை இழுங்கள். அங்கே முடிவு நிலுவை பூஜ்யம் என்று வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். முதலில் ஃபைலைச் சேமித்து விடுங்கள். மழை நாளில் கரண்ட் எப்போது போகும் என்று யார் சொல்ல முடியும்?

இப்போது அட்டவணையைப் படியுங்கள். முதல் மாதத்தில் வட்டி மட்டும் 9,000 ரூபாய். கட்டிய 10,797-ல் அசலுக்குப் போனது 1,797 தான். முதல் வருடம் முழுக்க 1,29,560 ரூபாய் கட்டியும் கடன் குறைந்தது வெறும் 22,472 ரூபாய். வேறு காலி செல் ஒன்றில் =சம்(சி7:சி246) போட்டால் 20 வருட மொத்த வட்டி தெரியும். 13,91,210 ரூபாய். வாங்கிய கடனை விட வட்டி அதிகம்! வங்கி ஏமாற்றுகிறது என்று அர்த்தமல்ல. ஆரம்பத்தில் அசல் பெரிதாக இருப்பதால் வட்டியும் பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இதற்குள்ளேயே வழியும் இருக்கிறது. தவணைக்கு மேல் நீங்கள் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் முழுதாக அசலில் கழிகிறது. அந்த ரூபாய்க்கு மீதிக் காலம் முழுவதும் வட்டி கிடையாது.

இ7 செல்லில் 0 என்பதை 500 ஆக்குங்கள். கீழே எல்லா மாதமும் 500 ஆகிவிடும். முடிவு நிலுவை எங்கே மைனஸுக்குப் போகிறது என்று தேடுங்கள். 220-வது வரிசை, அதாவது 214-வது மாதம். மாதம் 500 ரூபாயில் 26 தவணை மிச்சம். வட்டியில் மிச்சமாவது 1,82,000 ரூபாய்க்கு மேல். (மைனஸுக்குக் கீழே உள்ள வரிசைகளை அழித்து விடுங்கள். கூட்டலில் அவை தவறான விடை தரும்.)

எப்போது கட்டுகிறோம் என்பதும் முக்கியம். ஒரு நல்ல உப்பு சீசனில் 50,000 ரூபாய் சேர்ந்தது என்று வையுங்கள். அதை முதல் வருடக் கடைசியில் கட்டினால் வட்டியில் சுமார் 2 லட்சம் ரூபாய் மிச்சம். அதே தொகையை 15-வது வருடக் கடைசியில் கட்டினால் சுமார் 26,500 தான். "பிள்ளை வேலைக்குப் போகட்டும், அப்புறம் மொத்தமாக அடைக்கலாம்" என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கவும்.

சரி, 500 ரூபாய் எங்கிருந்து வரும்? இரண்டாவது ஷீட்டில் வரவு செலவு எழுதுங்கள். பத்திகளில் 12 மாதங்கள், வரிசைகளில் மளிகை, கேஸ், கரண்ட், பள்ளிக் கட்டணம், செல்போன் ரீசார்ஜ், பெட்ரோல், பண்டிகை, மொய். மொய்க்கு ஒரு வரிசை கட்டாயம் வேண்டும். ஆவணி, தை மாதங்களில் பட்ஜெட் உடைவது அங்கேதான். மூன்று மாதம் எழுதினாலே எங்கே ஓட்டை என்று தெரிந்து விடும். யாரும் பார்க்காத சேனல் தொகுப்பு, இரண்டாவது சிம்முக்கு ரீசார்ஜ், தினம் மாலை வாங்கும் கடைப் பலகாரம். சேமிக்கிறேன் என்று சிலர் புதுச்சேரி வரை வண்டியை ஓட்டிப் போய்ப் பெட்ரோல் போடுகிறார்கள். லிட்டருக்குச் சில ரூபாய் குறைவுதான். போக வர அறுபது கிலோமீட்டருக்கு மேல் எரிந்ததையும் அதே ஷீட்டில் எழுதிப் பார்க்கட்டும்.

சம்பளக்காரர்களுக்கு இது போதும். உப்பளக் குடும்பத்துக்கு இன்னொரு கணக்கு பாக்கி இருக்கிறது. அக்டோபர் முதல் ஜனவரி வரை நான்கு மாதத் தவணை 43,187 ரூபாய். இதை மற்ற எட்டு மாதங்களில் சேர்த்து வைத்தாக வேண்டும். மாதம் சுமார் 5,400. ஆக, சீசனில் இவர்களுடைய உண்மையான தவணை 10,797 அல்ல, 16,200. இந்த எண்ணை அறியாமல் மே மாதம் கையில் காசு இருக்கிறதே என்று கூடுதலாகக் கட்டிவிட்டு, நவம்பரில் நகையைக் கொண்டு போய் அடகு வைத்தால் எல்லாம் வீண்.

மழையோடு புயலும் வரும். 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல், இரண்டும் புதுச்சேரிப் பக்கம்தான் கரையைக் கடந்தன. குவித்து வைத்த உப்பு கரைந்து போனால் அடுத்த சீசன் தாமதமாகும். அதனால் நான்கு மாதத் தவணைக்கு மேல் இன்னும் இரண்டு மாதக் குடும்பச் செலவையாவது தனிச் சேமிப்புக் கணக்கில் வைத்த பிறகே கூடுதல் கட்டுவதைப் பற்றி நினைக்க வேண்டும் என்பது என் கருத்து. வெளியில் மூன்று வட்டிக்குக் கடன் இருந்தால் முதலில் அதை அடையுங்கள். நூற்றுக்கு மாதம் மூன்று என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். 9 சதவீதக் கடன் காத்திருக்கட்டும்.

இவை போக, சீசன் மாதங்களில் ஆயிரம் ரூபாய் மிஞ்சுகிறது என்று வையுங்கள். இ பத்தியில் எட்டு செல்களில் 1000, நான்கு செல்களில் 0 என்று டைப் செய்து, அந்த 12 செல்களையும் காப்பி செய்து கீழே வரிசையாகப் பேஸ்ட் செய்யுங்கள். கடன் ஏறக்குறைய 2 வருடம் 10 மாதம் முன்னதாக முடிகிறது. மழை மாதத்தில் ஒரு பைசா கூடக் கூடுதல் கட்டவில்லை!

ஷீட்டில் சரியாக வந்தது, இனி வங்கியில். ஃப்ளோட்டிங் எனப்படும் மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்னதாக அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூனிலேயே உத்தரவிட்டு விட்டது. நிலையான வட்டிக் கடனாக இருந்தால் ஒப்பந்தத்தைப் பாருங்கள். கட்டணம் இருக்கலாம். கூடுதல் பணத்தைக் கணக்கில் போட்டால் மட்டும் போதாது. அதை அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக வைத்துக் கொள்ளும் இடங்கள் உண்டு. "இது பகுதி முன்கட்டணம், அசலில் கழிக்கவும், தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறைக்கவும்" என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். குறைந்தபட்சம் இவ்வளவு கட்ட வேண்டும் என்று வங்கி சொன்னால், அந்தத் தொகை சேரும் வரை ஆர்.டி.யில் போட்டு வாருங்கள்.

மாறும் வட்டியில் ஒரு ஆபத்தும் உண்டு. 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமானது. அப்போது பலருக்குத் தவணைத் தொகை மாறவில்லை, அதனால் வட்டி ஏறியதே தெரியவில்லை. கடன் காலம்தான் நீண்டு கொண்டு போனது. ஷீட்டில் சோதித்துப் பாருங்கள். இ பத்தியை மறுபடி 0 ஆக்கி, பி4 செல்லில் பார்முலாவை அழித்துவிட்டு 10797 என்று எண்ணாகவே டைப் செய்து, பி2-வை 9.5% ஆக்குங்கள். அட்டவணையை 275-வது வரிசை வரை இழுத்தால்தான் கடன் முடியும். அரை சதவீதத்தில் 29 மாதம் கூடிவிட்டது. 500 ரூபாய் கட்டி மிச்சம் பிடித்த 26 மாதமும் அதில் போயே போச்சு! இப்போது பி2-வை 10.8% ஆக்குங்கள். முதல் மாத வட்டியே 10,800. தவணை அதை விட 3 ரூபாய் குறைவு. எத்தனை வரிசை இழுத்தாலும் கடன் ஏறிக் கொண்டே போகும்.

இதைத் தடுக்கத்தான் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் இன்னொரு உத்தரவு போட்டது. வட்டி மாறினால் வங்கி உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தவணையைக் கூட்டுவதா, காலத்தைக் கூட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கி தரும் கணக்கு அறிக்கையில் இதுவரை கழிந்த அசல், வட்டி, இன்னும் எத்தனை தவணை பாக்கி என்பதெல்லாம் இருக்க வேண்டும். அதை வாங்கி உங்கள் ஷீட்டோடு ஒப்பிடுங்கள். பல வங்கிகள் நாள் கணக்கில் வட்டி போடுவதால் சில ரூபாய் வித்தியாசம் வரும். ஆயிரக்கணக்கில் வந்தால் மேனேஜரைப் போய்ப் பாருங்கள். அச்செடுத்த அட்டவணையைக் கையில் வைத்துக் கொண்டு கேட்டால் பதில் வேகமாக வரும்.

வருமான வரி கட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய வரி முறையில் சொந்தக் குடியிருப்புக் கடன் வட்டிக்கு வருடம் 2 லட்சம் வரை கழிவு உண்டு. புதிய முறையில் இல்லை. ஆனாலும் வரிக் கழிவுக்காகவே கடனை இழுத்தடிப்பது, தள்ளுபடி கிடைக்கிறதே என்று தேவையில்லாத பொருளை வாங்குவது போலத்தான்.

கடைசித் தவணை கட்டியதும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். 2023 டிசம்பர் 1 முதல், கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் வீதம் உங்களுக்குத் தர வேண்டும். பத்திரத்தை அடமானம் வைத்தபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருந்தால், அதை ரத்து செய்யும் ரசீதையும் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே தமிழகப் பதிவுத்துறை இணையதளத்தைத் திறந்து, வில்லங்கச் சான்றில் அந்த ரசீது ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு பிரதியை அச்செடுத்துப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.